மருந்து என்று பேர் வைத்தவள்

அந்தக் காலத்தில் வௌவால்கள் வெயிலில் பறந்தன. மைனாக்களைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தன. அவற்றுக்குக் கண்ணும் நன்றாகத் தெரியும், பேச்சும் நன்றாக வரும். ஆடு மேய்க்கிறவர்கள் தலைக்கு மேலே பறந்துகொண்டே, "தெக்கே மேகம் கட்டுது, சீக்கிரம் ஓட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போகும். மனிதர்களும் அவற்றைப் பக்கத்து வீட்டுக்காரர்களாகத்தான் நினைத்தார்கள்.

அப்படி ஒரு வௌவால் கூட்டம் செம்மாண்டிக் கரட்டில் குடியிருந்தது. மரமோ மண்ணோ அதிகம் இல்லாமல் பாறையாகவே எழுந்து நிற்கும் குன்று அது. அதன் நடுவயிற்றில் ஒரு குகை. குகைக்கு நேர் கீழே முப்பது வீடுகள் உள்ள ஒரு சிற்றூர். அந்த ஊரில் சிலம்பாயி என்றொரு பெண் இருந்தாள். உப்பு காய்ச்சுவது அவள் தொழில். உவர்மண்ணை அள்ளி வந்து, தண்ணீரில் கரைத்து, வடித்து, பானையில் ஏற்றிக் காய்ச்சுவாள். தோல் பதனிடுகிறவர்களும் சாயம் போடுகிறவர்களும் வந்து வாங்கிப் போவார்கள். எந்தப் பொருள் கையில் கிடைத்தாலும் அவளால் சும்மா இருக்க முடியாது. நனைத்துப் பார்ப்பாள், எரித்துப் பார்ப்பாள், நாக்கு நுனியில் வைத்தும் பார்ப்பாள்.

அவள் புருஷன் காரியண்ணன் கிணறு வெட்டுகிறவன். ஊருக்குப் பொதுவாக ஒரு கிணற்றை ஆறு வருஷமாக வெட்டிக்கொண்டிருந்தான். பத்து ஆள் ஆழம் போனதும் கரும்பாறை வந்துவிட்டது. உளியை வைத்து அடித்தால் உளிதான் மழுங்கியது. அந்த நேரம் பார்த்து இரண்டு வருஷம் தொடர்ந்து மழை இல்லை. பெண்கள் விடியலில் குடத்தோடு கிளம்பினால் ஆற்றுக்குப் போய்த் திரும்ப உச்சிப்பொழுது ஆகிவிடும். மூன்று குடும்பங்கள் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டன.

ஒருநாள் கல் சில்லு தெறித்துக் காரியண்ணனுக்கு இடது கண் போயிற்று. புண் ஆறிய மறுநாளே அவன் உளியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

"மாமா, இருக்கிற ஒரு கண்ணையும் அந்தப் பாறைக்கே குடுத்துட்டு வரப் போறீங்களா?" என்றாள் சிலம்பாயி.

"கண்ணு போனா தடவித் தடவியாவது தண்ணி குடிக்கலாம் புள்ளே. தண்ணியே இல்லைன்னா என்ன செய்யறது?" என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

அவளுக்கு அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கக்கூட மனம் வரவில்லை. உவர்மண்ணும் தீர்ந்திருந்தது. வேறு மண் கிடைக்குமா என்று கரட்டில் ஏறியவள் குகைக்குள் போய்ப் பார்த்தாள். தரை முழுக்க முழங்கால் உயரத்துக்கு மண் மெத்தைபோலக் கிடந்தது. பல தலைமுறை வௌவால்களின் எச்சம் விழுந்து மக்கிய மண். ஒரு துளி நாக்கில் வைத்தாள். குளிர்ச்சியாகச் சுருக்கென்றது.

வௌவால் கூட்டத்துக்குத் தலைவி கருமுகி. அவளிடம் சிலம்பாயி, "இந்த மண்ணைக் கொஞ்சம் அள்ளிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

கருமுகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாங்க கழிச்சதை அள்ளிட்டுப் போறதுக்கு எங்ககிட்டயே கேக்கிறியா? உனக்கு எவ்வளவு வேணுமோ அள்ளிக்க, உப்புக்காரி."

அந்த மண்ணைக் காய்ச்சியபோது ஊசி ஊசியாக வெள்ளை உப்பு இறங்கியது. அதில் ஒரு சிட்டிகை தவறி அடுப்பில் விழுந்தது. நெருப்பு சீறிக்கொண்டு எழுந்தது. சிலம்பாயி பின்னால் நகரவில்லை. இன்னும் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டாள். பிறகு கரித்தூளைச் சேர்த்துப் பார்த்தாள். சாயக்காரர் வீட்டில் கிடந்த மஞ்சள் கல்லையும் பொடித்துச் சேர்த்துப் பார்த்தாள். ஒரு மாதம் இதே வேலையாக இருந்தாள். புருவம் கருகியது, அடுப்பு இரண்டு முறை சிதறியது, பானை மூடி ஒன்று கூரைமேல் போய் விழுந்தது. அவளுக்குப் பயமாக இல்லை. வாயைக் கட்டிய மூங்கில் குழாய் ஒன்று முற்றத்துக் கல்லை இரண்டாகப் பிளந்து போட்ட அன்றைக்கு, கிணற்று மேட்டுக்கு ஓடிப்போய்க் குனிந்து கத்தினாள்.

"மாமா! மேல வாங்க! உங்க பாறைக்கு மருந்து கண்டுபிடிச்சுட்டேன்!"

மருந்து என்ற பேர் அப்படித்தான் வந்தது. ஊரின் நோயைத் தீர்க்கப் போகிற பொருளுக்கு அவளுக்கு வேறு பேர் தோன்றவில்லை.

காரியண்ணன் பாறையில் விரல் நுழைகிற அளவுக்குத் துளை போட்டான். மருந்தை இட்டுத் திரி வைத்து நெருப்பைப் பற்றவைத்துவிட்டு மேலே ஏறி வந்தான். இடி தரைக்கு அடியில் இடித்ததுபோல் இருந்தது. ஊர் மாடெல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. புகை அடங்கியதும் எட்டிப் பார்த்தார்கள். ஆறு வருஷம் அசையாத பாறை தேங்காய்ச்சில்லுபோல உடைந்து கிடந்தது. அதன் அடியிலிருந்து கலங்கலாகத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வந்தது. காரியண்ணன் இறங்கி அந்தச் சேற்றுத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று மேலே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

வௌவால்களும் வந்து குடித்தன. கருமுகி தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, "நாங்க கழிச்சதுல இருந்து இவ்வளவு தண்ணியா!" என்று ஆச்சரியப்பட்டாள்.

அடுத்த ஒரு வருஷத்தில் சுற்றுவட்டாரத்தில் பதினொரு கிணறுகளில் தண்ணீர் வந்தது. ஒருவருக்கும் ஒரு காயம் இல்லை. சிலம்பாயி எந்த ஊருக்குப் போனாலும் பெண்கள் கிணற்று முதல் தண்ணீரை அவள் காலில் ஊற்றினார்கள். அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் காலை அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

இந்தச் செய்தி வடக்கே இரண்டு நாள் நடையில் இருந்த கோட்டைக்குப் போனது. அந்தக் கோட்டைக்கு அதிபதி மழவராயர். அவரே குதிரையில் வந்து சிலம்பாயி வீட்டு வாசலில் இறங்கினார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். கிணற்றைப் பார்த்தார். தான் பெற்ற மகளைப்போல அவளைப் புகழ்ந்தார். பிறகு, "எனக்கும் கொஞ்சம் கல் உடைக்க வேண்டியிருக்கு அம்மிணி" என்றார்.

"எந்தக் கல்லுங்க ஐயா?"

"ஆத்துக்கு அக்கரையில ஒரு கோட்டை. அதோட சுவர்க்கல்லு."

சிலம்பாயி ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"பயப்படாதே. பதினாறு வருஷமா எங்க ரெண்டு பேருக்கும் சண்டை. வருஷா வருஷம் ரெண்டு பக்கமும் எத்தனை பிள்ளைங்க சாகுது! இந்த இடியை ஒரே ஒரு தடவை கேட்டுட்டாங்கன்னா அப்புறம் அவங்க கத்தியையே தொட மாட்டாங்க. சண்டைன்னு ஒண்ணு இனிமே இருக்காது. பாறைக்கு மருந்து கண்டுபிடிச்ச நீ, சண்டைக்கும் ஒரு மருந்து குடு."

அந்தப் பேச்சு அவளுக்கு இனித்தது. கிணறு வெட்டுகிற ஊர்களில் அவள் பேர் இருந்தது. சண்டையையே ஒழித்தவள் என்று நாடெல்லாம் பேர் வந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நொடி நினைத்துப் பார்த்தாள். அந்த நொடிக்காக அவள் பின்னால் பட்டது கொஞ்சமில்லை.

மண் அள்ளக் கரட்டில் ஏறியபோது கருமுகி கேட்டாள். "இந்தத் தடவை இத்தனை கூடையா? எந்த ஊர்க் கிணறு?"

சிலம்பாயி விஷயத்தைச் சொன்னாள்.

"அந்தச் சுவருக்கு உள்பக்கம் யார் யார் இருக்காங்கன்னு கேட்டியா?"

"முன்னாடியே சொல்லி வெளியேத்திட்டுத்தான் வெடிப்பாங்க."

"அப்படின்னு அவர் சொன்னாரா?"

சிலம்பாயி யோசித்தாள். மழவராயர் அப்படிச் சொல்லவில்லை. அவளாகத்தான் நினைத்துக்கொண்டாள். ஆனாலும், "சொல்லாம எப்படி வெடிப்பாங்க?" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்கினாள். நாற்பது பானை மருந்து வண்டியேறிப் போனது. செய்முறையையும் மழவராயரின் ஆட்கள் அருகில் நின்று கற்றுக்கொண்டு போனார்கள்.

ஒரு மாதம் கழித்து, வெற்றி என்று முரசு அடித்துக்கொண்டு வந்தார்கள். சிலம்பாயிக்கு ஒரு சிவப்புப் பட்டுச்சேலை வந்தது. ஊர்த்திருவிழா அன்று அதைக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

அங்கே ஊர் தெரியாத ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நடந்து நடந்து பாதம் வெடித்திருந்தது. ஒரு கையில் துணி சுற்றியிருந்தது. சிலம்பாயி நீர் இறைத்து ஊற்ற, அவள் மற்றொரு கையை மட்டும் ஏந்திக் குடித்தாள்.

"எந்த ஊரு அக்கா?" என்றாள் சிலம்பாயி.

"சத்தமாச் சொல்லு ஆத்தா. காது கேக்காது" என்று அந்தப் பெண் கத்தினாள். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. "பேரு நாச்சாயி. அக்கரைக் கோட்டைக்காரி. இப்ப அங்க கோட்டை இல்லை. காலையில மாவு ஆட்டிக்கிட்டு இருந்தேன். சுவரு எங்க மேல வந்து விழுந்துடுச்சு."

"உங்களை யாரும் வெளிய வரச் சொல்லலையா?" இதை உரக்கக் கேட்டாள் சிலம்பாயி.

"யாரு சொல்லுவா? ஒரு குரல் குடுத்திருந்தா பிள்ளைகளை இழுத்துக்கிட்டு ஓடியிருக்க மாட்டேனா?" நாச்சாயி வெறும் கையை மடியில் துடைத்தாள். "யாரோ ஒருத்தி கண்டுபிடிச்சாளாம். மருந்துன்னு பேராம் அதுக்கு. மருந்தாம்! எங்க பக்கம் அவளை இடிக்காரிங்கறாங்க. பிள்ளைங்க அழுதா, இடிக்காரி வருவான்னு சொல்லிப் பயமுறுத்தறாங்க. அழறதுக்குப் பிள்ளை மிச்சம் இருக்கிற வீட்டுல."

சிலம்பாயியின் கையிலிருந்த கயிறு நழுவி வாளி கிணற்றுக்குள் போயிற்று.

"நான்தான் அது" என்றாள் மெல்ல.

"என்ன?"

"நான்தான்."

"காது கேக்காதுன்னு சொன்னேனே ஆத்தா."

"நான்தான்! அதைக் கண்டுபிடிச்சவ நான்தான்!" கிணற்றடியே திரும்பிப் பார்க்கும்படி சிலம்பாயி கத்தினாள்.

நாச்சாயியின் வாயில் அப்போது ஒரு மிடறு தண்ணீர் இருந்தது. துப்பிவிடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் துப்பவில்லை. தாகம் அப்படி. சிலம்பாயியின் முகத்தையே பார்த்துக்கொண்டு விழுங்கினாள். பிறகு கேட்டாள்.

"கண்டுபிடிச்சவளுக்கு அதை நிறுத்தற வழியும் தெரியணுமே. தெரியுமா?"

நாச்சாயி எழுந்து போய் ஊர் எல்லையில் வேப்பமரத்தடியில் படுத்துக்கொண்டாள்.

பட்டுச்சேலையை அவிழ்த்து அடுப்பில் போட்ட சிலம்பாயி அதன் பிறகு உப்பு காய்ச்சவில்லை. பத்து நாள் கழித்து மழவராயரின் படைத்தலைவன் வந்தான். அடுத்த கோட்டைக்கு மருந்து வேண்டும் என்றான்.

"செய்ய மாட்டேன்" என்றாள்.

"நீ செய்ய வேண்டாம். செய்முறை எங்களுக்கே தெரியும். எங்களுக்கு வேண்டியது குகை மண்ணுதான். நாளைக்கழிச்சு அறுபது வண்டி வரும்" என்றான் அவன். மண்ணை வேறு யாரும் தொடாமலிருக்கக் கரட்டின் அடிவாரத்தில் இரண்டு வீரர்களைக் காவல் வைத்துவிட்டுப் போனான்.

சிலம்பாயி வீட்டில் கடைசியாக ஒரு பானை மருந்து மிச்சமிருந்தது. குகை வாயை மூடிவிட்டால் மண் இல்லை. மண் இல்லாவிட்டால் மருந்து இல்லை. நாச்சாயி கேட்ட கேள்விக்கு அவளுக்குத் தோன்றிய பதில் இதுதான். புருஷனிடம்கூடச் சொல்லாமல், மறுநாள் உச்சிவெயிலில் கரட்டின் பின்பக்கமாக ஏறினாள். அந்த நேரத்தில் வௌவால்கள் இரை தேடிப் போயிருக்கும் என்பது அவள் கணக்கு. குகை வாய்க்கு மேலே தொங்கிய பெரும்பாறையின் இடுக்கில் மருந்தைத் திணித்தாள். திரியை நீட்டினாள்.

நெருப்பு வைக்குமுன் ஒரு முறை குகைக்குள் குரல் கொடுத்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். கீழே பார்த்தாள். புளியமரத்து நிழலில் காவல்காரர்கள் இருவரும் கட்டுச்சோறு தின்றுகொண்டிருந்தார்கள். கத்தினால் அவர்கள் காதில் விழும். ஏறி வந்து தடுத்துவிடுவார்கள். "பகல்ல யார் உள்ளே இருக்கப்போறாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். திரியைப் பற்றவைத்தாள்.

பாறை இறங்கிக் குகை வாயை அடைத்தது. அவள் நினைத்தபடியே, ஒரு கூடை மண்கூட இனி எடுக்க முடியாதபடி அடைத்தது.

சத்தம் கேட்டு நாலா திசையிலிருந்தும் வௌவால்கள் பறந்து வந்தன. கருமுகி பாறைமேல் வந்து மோதி விழுந்தாள். எழுந்து மறுபடி மோதினாள்.

"உள்ளே குட்டிங்க இருக்கு!" என்று அலறினாள். "குட்டி போட்ட தாய்ங்க எல்லாம் உள்ளேதான் இருக்கு!"

அது குட்டி போடும் மாதம். சிலம்பாயிக்கு அது தெரியும். வருஷா வருஷம் பார்த்ததுதான். அன்றைக்கு அந்த நினைப்பு வரவில்லை.

"யாரும் இருக்க மாட்டாங்கன்னு நினைச்சேன் கருமுகி…"

"நினைச்சே. ஒரு குரல் குடுத்திருந்தா உள்ளே இருந்து பதில் வந்திருக்குமே!"

சிலம்பாயி வெறுங்கையால் கல்லைப் பறிக்க ஆரம்பித்தாள். காரியண்ணன் கடப்பாரையோடு ஓடிவந்தான். ஊரே வந்தது. காவல்காரர்கள் இருவரும் முதலில் தடுக்கப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கல்லைத் தூக்கினார்கள். ஒருவன், "இன்னொரு பிடி மருந்து இருந்தா ஒரு நொடியில திறந்துடலாமே" என்றான். காரியண்ணன் தன் ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்த பார்வையில் அவன் அடங்கிவிட்டான். நாச்சாயியும் ஏறி வந்தாள். யாரிடமும் பேசவில்லை. துணி சுற்றிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு மற்றக் கையால் கல்லைச் சுமந்து கொட்டினாள்.

நடுவில் வந்த அறுபது வண்டியும் அடைபட்ட குகையைப் பார்த்துவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பின. மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் அந்தி சாயும்போது, பாறை இடுக்கில் முஷ்டி நுழைகிற அளவுக்கு ஒரு வழி திறந்தது. அதன் வழியாக ஒரு குட்டி வெளியே வந்தது. பின்னால் இன்னொன்று. பிறகு சில தாய்கள். பாதிக்கு மேல் வரவில்லை.

தரையிலும் திண்டிலும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவை எல்லாம் உள்ளே உருண்டு வந்த கல்லுக்கு அடியில் போய்விட்டன. உயிர் தப்பியவை, வெடித்த கணத்தில் குகையின் கூரையை நகத்தால் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியவை மட்டும்தான். மூன்று நாள் இருட்டில், தூசியில், அவற்றுக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு குட்டி பயத்தில் கீச்சென்று கத்தியபோது அதன் குரல் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. ஓரிடத்தில் கத்தினால் மட்டும் குரல் திரும்பவில்லை. அங்கேதான் வழி இருந்தது. கத்திக் கத்தி, திரும்பி வருவதைக் கேட்டுக் கேட்டு, அப்படித்தான் அவை வெளியேறி வந்தன. வந்தவற்றின் கண்கள் அந்தி வெளிச்சத்துக்கே கூசின.

கருமுகிக்கு இரண்டு குட்டிகள். ஒன்று வந்தது. மற்றதற்காக முற்றிலும் இருட்டும்வரை அந்த இடுக்கின் பக்கத்திலேயே இருந்தாள்.

சிலம்பாயி நகம் பெயர்ந்த கைகளைக் கூப்பிக்கொண்டு அவள் முன்னால் விழுந்தாள். "என்னை மன்னிச்சுடு."

கருமுகி தப்பி வந்த குட்டியைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நீ கெட்டவ இல்லைன்னு எனக்குத் தெரியும். அதனால எனக்கு என்ன ஆகப்போகுது, உப்புக்காரி? இனிமே உங்க காதுக்கு எட்டற மாதிரி நாங்க பேசப்போறதில்லை."

ஒரு வௌவால் மனிதரிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். கூட்டம் கிளம்பியது. அவை கத்திக்கொண்டேதான் போயின; அவற்றின் வாய் அசைவது தெரிந்தது. ஆனால் நின்றிருந்த ஒருவர் காதிலும் ஒன்றும் விழவில்லை.

குகையை மூடியதால் சண்டை நின்றுவிட்டதா என்றால் இல்லை. பழைய மாட்டுக்கொட்டில் மண்ணிலும் அதே உப்பு இருக்கிறது என்று அடுத்த மழைக்குள்ளேயே மழவராயரின் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்களிடமிருந்து அவர்களின் எதிரிகள் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பேரையாவது மாற்றலாம் என்று சிலம்பாயி போகிற இடமெல்லாம் சொல்லிப் பார்த்தாள். "அதை மருந்துன்னு சொல்லாதீங்க. என் வாய்தவறி வந்த பேரு" என்பாள். கேட்டுக்கொள்வார்கள். அடுத்த பேச்சிலேயே மருந்து என்பார்கள்.

அவளால் முடிந்தது ஒன்றே ஒன்றுதான். கிணறு வெட்டுகிறவர்களும் கல் உடைக்கிறவர்களும் எங்கே வெடி வைத்தாலும் அங்கே நடந்து போனாள். திரிக்கு நெருப்பு வைக்கப் போகிறவன் கையைப் பிடித்து நிறுத்துவாள். நாலு பக்கமும் பார்த்து, "வேட்டு வைக்கிறோம்! யாராவது இருக்கீங்களா?" என்று கத்துவாள். பதில் வருகிறதா என்று நிற்பாள். மறுபடி கத்துவாள், மறுபடி நிற்பாள். மூன்றாம் முறையும் ஒரு சத்தமும் இல்லை என்றால்தான் கையை விடுவாள். முதலில் சிரித்தார்கள். பொட்டல்காட்டில் யாரைக் கூப்பிடுகிறாள் இந்தக் கிறுக்கி என்றார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்படிப் பல வருஷம் போயிற்று. தலை நரைத்து, குரலும் தேய்ந்துபோன ஒரு நாளில், வேற்றூர்ப் பாறைக்குழி ஒன்றில் அவள் மூன்றாவது முறை கத்தினாள். பாறைக்குப் பின்னாலிருந்து தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல் வந்தது. "நான் இருக்கேன், இருங்க, வந்துடறேன்!" நிழலுக்கு ஒதுங்கிப் படுத்திருந்த ஒரு கூடை முடைகிறவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தான். சிலம்பாயி அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஏன் அழுகிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. முடைந்து வைத்திருந்த கூடைகளில் ஒன்றை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அவள் யார் கையையும் பிடித்து நிறுத்தாமலே, அன்றைக்கு அந்தக் குழியில் வேலை செய்தவர்கள் இன்னும் ஒருமுறை குரல் கொடுத்துவிட்டுத்தான் நெருப்பு வைத்தார்கள்.

அன்று முதல்தான் பாறைக்கு வேட்டு வைக்கிறவர்கள் திரியைத் தொடுமுன் மூன்று முறை கூவி, பதிலுக்குக் காத்து நிற்கிறார்கள். வௌவால்களோ, கரட்டைவிட்டுப் போன அந்த அந்தியிலிருந்து, கூரையைப் பற்றித் தலைகீழாகவே தொங்குகின்றன. பொழுது சாய்ந்த பிறகே வெளியே வருகின்றன. எதிரே யார் இருக்கிறார்கள் என்று நம் காதுக்கு எட்டாத குரலில் கேட்டுக் கேட்டே பறந்து போகின்றன.